‘ஆரோக்கியப்பச்சை’ கதையாடலில் காணிகளின் இடம்: ஒரு திறனாய்வு

முன்னுரை

தொல்குடி மக்களின் அறிவு, மரபறிவு, உள்ளூர் அறிவு எனப் பல பெயர்களால் குறிக்கப்பெறும் ஒரு துறை கடந்த முப்பது ஆண்டுகளாகப் பல்கலைக்கழகங்களில் வேரூன்றி வளர்ந்து வருவதை நாம் அறிவோம். கல்வி, மருத்துவம், சுற்றுச்சூழல், சட்டம் ஆகிய பல புலங்களைச் சார்ந்தோர் இதுபற்றி எழுதுகின்றனர். அவ்வாறு எழுதப்பட்டவற்றுள் தென்னிந்தியாவைப் பொறுத்தவரை மிகுதியாக எடுத்துக்காட்டப்பெறுவது, அகத்தியர் மலையில் வாழும் காணி மக்களும் ‘ஆரோக்கியப்பச்சை’ என்னும் மூலிகையும் பற்றிய நிகழ்வேயாகும். பயன் பகிர்வுக்கு முன்மாதிரி என்று ஐக்கிய நாடுகள் சபையின் அமைப்புகளது அறிக்கைகள் முதல் பள்ளிப் பாடக் குறிப்புகள் வரை இது திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றது.

திரும்பத் திரும்பச் சொல்லப்படும் எதனையும் இலக்கிய மாணவர் ஒரு பனுவலாகக் கொண்டு வாசிக்கலாம். அவ்வாறு வாசிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மூலிகையின் மருத்துவ ஆற்றலை மதிப்பிடுவது நம் வேலையன்று. இக்கதையில் யார் பேசுகின்றனர், யார் அறிந்தோராகக் காட்டப்படுகின்றனர், யார் வழிகாட்டியோராக மட்டும் நின்றுவிடுகின்றனர் என்பனவே நம் கேள்விகள். இக்கேள்விகளை எழுப்பும் துணிவை நமக்குத் தந்தது மாவோரி அறிஞர் லிண்டா துஹிவாய் சுமித் 1999-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஆய்வுமுறைகளைக் காலனிய நீக்கம் செய்தல்’ என்னும் பொருள்படும் தலைப்புடைய நூலாகும். ஆய்வு என்னும் சொல்லே தொல்குடி மக்களின் செவிக்குக் கசப்பானதாக எவ்வாறு மாறிற்று என்பதனை அந்நூல் விரிவாக எடுத்துரைக்கின்றது. ஆயினும் அந்நூலை மேற்கோளாகக் காட்டுவோருள் பலர், ஆய்வாளர் ஒருபுறம், குடிகள் மறுபுறம் என இரண்டாகப் பிரித்து அமைந்துவிடுகின்றனர். குடிகளுக்குள்ளேயே அறிவைச் சொல்லும் உரிமை யாருக்கு என்னும் சிக்கல் அவர்தம் கட்டுரைகளில் இடம்பெறுவதில்லை. காணிகள் பற்றிய எழுத்துகளின் பெருங்குறையும் இதுவே என்பது நம் கருத்து.

கதை சொல்லப்படும் முறை

முதலில் கதையை, அது வழக்கமாகச் சொல்லப்படும் வண்ணமே தருவோம். 1987-ஆம் ஆண்டு, இனக்குழு உயிரியல் பற்றிய அனைத்திந்திய ஒருங்கிணைந்த ஆய்வுத்திட்டத்தைச் சார்ந்த அறிவியலாளர் குழு ஒன்று அகத்தியர் மலைக் காடுகளில் பயணம் மேற்கொண்டது. காணி இளைஞர் சிலர் வழிகாட்டிகளாக உடன் சென்றனர். மலையேற்றத்தில் அறிவியலாளர்கள் களைத்துப்போயினர். காணி இளைஞரோ சிறு காய்களைப் பறித்துத் தின்றவாறே சோர்வின்றி நடந்தனர். அக்காய்களை வாங்கி உண்ட அறிவியலாளர்களுக்கும் சோர்வு நீங்கிற்று. எந்தச் செடி என வினவியபோது, அது தங்கள் குலத்தின் இரகசியம் என்று கூறி இளைஞர் மறுத்தனர். நெடுநேரம் வற்புறுத்திய பின்னரே செடியைக் காட்டினர்.

அதன்பின் கதை ஆய்வுக்கூடத்திற்குச் செல்கின்றது. டிரைக்கோபஸ் செய்லானிக்கஸ் என்னும் தாவர இனத்தின் திருவிதாங்கூர்த் துணையினமாக அச்செடி அடையாளம் காணப்பட்டது. பாலோட்டில் அமைந்துள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆய்வு நிறுவனத்தில் முனைவர் பி. புஷ்பாங்கதன் தலைமையில் ஆய்வுகள் தொடர்ந்தன. ஆரோக்கியப்பச்சையுடன் அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியன சேர்த்து ‘ஜீவனி’ என்னும் மருந்து உருவாக்கப்பட்டது. 1995-இல் அதனைத் தயாரிக்கும் உரிமம் கோயம்புத்தூர் ஆரிய வைத்தியப் பார்மசிக்கு 10 இலட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 விழுக்காட்டு உரிமத் தொகைக்கும் ஏழாண்டுகளுக்கு வழங்கப்பட்டது. அத்தொகையில் சரிபாதி காணிகளுக்கு என முடிவாயிற்று. அதனைப் பெறுவதற்கென 1997-இல் கேரளக் காணி சமுதாய நல அறக்கட்டளை பதிவுசெய்யப்பட்டு, 1999-இல் 5 இலட்சம் ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட தொகை அதன் கணக்கிற்குச் சென்றது.

இக்கதையின் வினைச்சொற்களைச் சற்றே ஊன்றி நோக்குவோம். காணிகளுக்கு வாய்த்தவை தின்றனர், மறுத்தனர், காட்டினர் என்னும் மூன்று வினைகளே. அதன்பின் பல ஆண்டுகள் அவர்கள் கதையில் இல்லை. இறுதியில் ‘பெற்றனர்’ என்னும் நான்காம் வினையோடு மீண்டும் தோன்றுகின்றனர். அறிவியலாளரோ கண்டறிந்தனர், பிரித்தெடுத்தனர், மெய்ப்பித்தனர், உருவாக்கினர், வழங்கினர். அறிதல் என்னும் வினை ஒருமுறையேனும் காணிகளுக்கு எழுவாய்த் தொடர்பு பெறவில்லை. அவர்கள் தந்தது ‘துப்பு’. அதனை அறிவாக்கியது ஆய்வுக்கூடம். ஆங்கில அறிக்கைகள் இதற்கென ஒரு சொல்லையே வைத்துள்ளன. தமிழில் ‘தொடக்கக் குறிப்பு’ எனலாம். பணத்தைப் பகிர்ந்தபோதும் அந்தக் குறிப்புக்கு விலை நிர்ணயம் செய்யப்பட்டதே தவிர, அறிவுக்கு அல்ல. காப்புரிமைக்கான விண்ணப்பங்கள் நிறுவனத்தின் பெயரில் சென்றமையும் இவ்விலக்கணத்தின் விளைவே.

‘இரகசியம்’ என்னும் சொல்லும் ஆராயத்தக்கது. மறைத்து வைத்திருந்ததை வென்று வெளிக்கொணர்ந்தனர் என்னும் சாயல் அச்சொல்லால் கதைக்குக் கிடைக்கின்றது. பழைய பயண நூல்களில் நாம் பலமுறை கண்ட சாயல்தான் இது. ஆனால் காணிகளின் வழக்கில் மருத்துவ அறிவைக் கையளிக்கும் உரிமை பிலாத்தி எனப்படும் மருத்துவருக்கு உரியது. பிலாத்தி என்பவர் மூலிகை தருபவர் மட்டுமல்லர். கொக்கரை என்னும் இரும்புக் கருவியை உரசி ஒலியெழுப்பி, இரவு முழுவதும் சாற்றுப் பாடி நோய் தீர்ப்பவரும் அவரே. அவ்வாறாயின் வழிகாட்டி இளைஞரின் தயக்கத்தை வேறு விதமாகவும் வாசிக்க இடமுண்டு. அவர்கள் ‘சொல்லமாட்டோம்’ என்றார்களா, ‘சொல்வதற்கு நாங்கள் உரியவர் அல்லர்’ என்றார்களா? முன்னது பிடிவாதம், பின்னது ஒழுங்கு. கதையை எழுதியவர்கள் முன்னதை மட்டுமே கேட்டனர் என்று தோன்றுகின்றது.

பெயர்கள் பற்றியும் ஒரு குறிப்பு. 1988-இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை தன் தலைப்பிலேயே இச்செடியைக் காணிகளின் ‘ஜின்செங்’ என்று அறிமுகம் செய்தது. உலகச் சந்தையில் ஏற்கெனவே விலைபோகும் கொரிய, சீன வேரோடு ஒப்பிட்டால்தான் அகத்தியர் மலைச் செடிக்கு மதிப்புக் கிட்டும் என்பது போலும்! சில ஆய்வுகளில் ‘சாத்தன் களஞ்சா’ என்னும் பெயரும் பதிவாகியுள்ளது. சாத்தன் என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் தமிழ் மாணவருக்குப் பல நினைவுகள் எழும். அப்பெயர் எவ்வாறு வந்தது, அதனோடு ஒட்டிய கதையோ வழிபாடோ உண்டா என்பனவற்றை ஆராய வேண்டியது மொழித்துறையினரின் பணி. ஆனால் உலகிற்குச் சென்றது நலத்தையும் பசுமையையும் இணைத்து எளிதில் பொருள் விளங்கும் ‘ஆரோக்கியப்பச்சை’தான். ‘ஜீவனி’ என்னும் பெயரையோ பின்னர் அமெரிக்க நிறுவனம் ஒன்று அந்நாட்டில் தன் வணிகக்குறியாகப் பதிவு செய்துகொண்டது.

காயும் இலையும்

இக்கதையில் நம்மை மிகுதியும் சிந்திக்க வைக்கும் செய்தி ஒன்று உண்டு. பல கட்டுரைகள் ஒரே வரியில் அதனைக் கடந்துவிடுகின்றன. காணிகள் உண்டது காயை. மருந்தானது இலை.

ஆய்வுக்கூடத்தில் இலையிலும் சோர்வு நீக்கும் கூறுகள் உள்ளன என்று கண்டனர். காயைவிட இலை மிகுதியாகக் கிடைக்கும். பறித்தாலும் செடி மீண்டும் தழைக்கும். ஆகவே தொழில் முறைக்கு இலையே ஏற்றது என்று முடிவு செய்யப்பட்டது. அறிவியல் நோக்கில் இது சரியான முடிவாகவே இருக்கலாம். அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் இம்மாற்றத்தோடு காணிகளின் பயன்பாட்டில் அடங்கியிருந்த பலவும் கழன்று விழுந்துவிட்டன. நடந்துகொண்டே பறித்துப் பச்சையாகத் தின்னும் காய் அது. காட்டின் நிழலில் சிற்றோடைகளின் அருகில் வளரும் சிறு செடியில் அது எப்போது காய்க்கும், எவ்வளவு தின்னலாம், அடுத்து வருபவருக்கு எத்தனை விட்டுவைக்க வேண்டும் என்பவையெல்லாம் நடையோடு சேர்ந்த அறிவு. தேன் எடுக்கவும் மூங்கில் வெட்டவும் தொலைவு நடந்தாக வேண்டிய வாழ்க்கையில் அதற்கு ஓர் இடம் இருந்தது. பொட்டலத்தில் அடைத்த பொடிக்கு அந்நடை தேவையில்லை. நகரத்தில் நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் சோர்வைப் போக்குவது அதன் வேலை.

இதனைக் கொண்டு ‘காணிகளின் அறிவு திருடப்பட்டது’ என்று கூச்சலிடுவோரும் உளர். நாம் அவ்வாறு கூற மாட்டோம். உயிரியல் பன்மய உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது 1993-ஆம் ஆண்டின் இறுதியில். இந்தியாவில் அதற்கான சட்டம் இயற்றப்பட்டது 2002-இல். இடைப்பட்ட காலத்தில், எந்தச் சட்டமும் வற்புறுத்தாத நிலையில், ஓர் அரசு சார்ந்த ஆய்வு நிறுவனம் தனக்கு வந்த தொகையில் பாதியை மலைமக்களுக்கு அளிக்க முன்வந்தது சிறிய செயலன்று. முனைவர் புஷ்பாங்கதனின் நன்னோக்கை ஐயுற நமக்குக் காரணம் ஏதுமில்லை. மஞ்சளின் புண் ஆற்றும் தன்மைக்கு அமெரிக்கா காப்புரிமை வழங்கி, இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் போராடி அது 1997-இல் நீக்கப்பட்ட காலம் அது. அச்சூழலில் வைத்துப் பார்க்கும்போது காணி ஒப்பந்தத்தின் மேன்மை தெளிவாகப் புலப்படும். நம் திறனாய்வு, நன்னோக்கோடு செய்யப்பட்ட ஒன்றிலும் எது விடுபட்டது என்பதைப் பற்றியதே.

பிலாத்திகளின் எதிர்ப்பு

விடுபட்டவர்கள் முதலில் பிலாத்திகள். 1995-ஆம் ஆண்டிலேயே, தங்கள் அறிவைத் தனியார் நிறுவனங்களுக்கு விற்பதை எதிர்த்துப் பிலாத்திகள் சிலர் கேரள முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினர். காணிகள் குட்டிச்சல், விதுரா, பெரிங்கம்மலை எனப் பல ஊராட்சிகளில் பரவி வாழ்பவர்கள். நிறுவனத்தோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தவர்கள் குட்டிச்சல் பகுதியினரே. பிற பகுதியினரிடையே கருத்து வேறுபாடு நிலவிற்று. ‘காணிகள் ஒப்புதல் தந்தனர்’ என்று ஒரே வாக்கியத்தில் எழுதிச் செல்லும்போது இந்த வேறுபாடுகள் அனைத்தும் அவ்வொரு பன்மை விகுதிக்குள் புதைந்துவிடுகின்றன. ஒரு சமூகத்தின் அறிவு எல்லார்க்கும் பொதுவானது என்று கொள்வது பார்வைக்குப் பெருந்தன்மையாகத் தோன்றும். ஆனால் அறிவைக் காத்துச் சொல்வதற்கெனச் சிலரை அச்சமூகமே நியமித்துள்ளபோது, அவர்களை விலக்கிவிட்டுப் ‘பொது’ என்பது பெருந்தன்மையாகாது.

அடுத்து காடு. மருந்து விற்பனையாக வேண்டுமெனில் இலை வேண்டும். அரசின் பழங்குடியினர் நலத் திட்டத்தின்கீழ்க் காணிக் குடும்பங்கள் சில இச்செடியைப் பயிரிடவும் ஊக்குவிக்கப்பட்டன. ஆனால் பயிரிட்ட இலையை வெளியே கொண்டு செல்ல வனத்துறை இசையவில்லை. பயிரிட்டது என்ற பெயரில் காட்டுச் செடிகளும் பிடுங்கப்படும் என்பது அத்துறையின் அச்சம். அவ்வச்சம் முற்றிலும் பொய்யென்றும் சொல்வதற்கில்லை. விளைவு என்னவெனில், அறிவுக்கு உரிமைத்தொகை பெறுபவர்கள் அந்த அறிவின் பொருளைத் தொட இன்னொரு துறையின் இசைவுக்குக் காத்திருந்தனர். காட்டின்மீது உரிமையில்லாதவரின் காட்டறிவுக்கு 2 விழுக்காட்டில் பாதி! வன உரிமைச் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டபோது, உயிரியல் பன்மயத்தோடும் பண்பாட்டோடும் தொடர்புடைய மரபறிவின் மீதான சமூக உரிமையையும், காட்டு விளைபொருள்கள் மீதான உரிமையையும் அது ஒருசேர ஏற்றுக்கொண்டது. இவ்விரண்டும் பிரிக்கத்தக்கன அல்ல என்பதைச் சட்டம் கண்டுகொள்ளப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மூன்றாவதாக எல்லைக்கோடு. அறக்கட்டளையின் பெயரிலேயே ‘கேரள’ என்னும் அடை உள்ளது. காணிகளோ மலையின் இருபுறமும் வாழ்பவர்கள். பாபநாசத்திற்கு மேலேயுள்ள காரையாறு முதலிய இடங்களிலும், கன்னியாகுமரி மாவட்டத்து மலைகளிலும் அவர்தம் குடியிருப்புகள் உண்டு. தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு அவர்களுடையது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள்வரை கன்னியாகுமரிக் காணிகளும் குட்டிச்சல் காணிகளும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தவர்களே. மொழிவழி மாநிலப் பிரிவினை ஒரு மலையின் அறிவை இரண்டாக வகுத்துவிட்டது. ஒப்பந்தமும் அவ்வகுப்பை அப்படியே ஏற்றுக்கொண்டது. கிழக்குச் சரிவில் வாழும் காணிக்கு அக்காயைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று எவரேனும் ஆராய்ந்து கண்டனரா?

ஏட்டறிவும் வாய்மொழி அறிவும்

இங்கே தமிழாய்வாளராகிய நம்மை நேராகத் தொடும் ஒரு செய்திக்கு வருகின்றோம். இந்தியா 2001-இல் தொடங்கிய மரபறிவு மின்னூலகம் ஆயுர்வேதம், யுனானி, சித்தம் முதலியவற்றின் நூல்களிலுள்ள மருந்துமுறைகளைப் பல மொழிகளில் பெயர்த்து, அயல்நாட்டுக் காப்புரிமை அலுவலகங்களின் பார்வைக்கு வைக்கின்றது. நூலில் உள்ளதைப் ‘புதுக் கண்டுபிடிப்பு’ என எவரும் உரிமை கொண்டாட முடியாமல் தடுப்பது அதன் வேலை. பயனுள்ள வேலைதான். ஆனால் அதில் இடம்பெற வேண்டுமானால் ஏட்டில் இருந்தாக வேண்டும். 2023-இல் நிறைவேறிய உயிரியல் பன்மயச் சட்டத் திருத்தம் இன்னும் ஒரு படி சென்று, நூல்வழி வகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோர்க்குப் பயன் பகிர்வுக் கடமையிலிருந்து விலக்களித்துள்ளது. ஏட்டில் ஏறியது நாட்டின் பொதுச்சொத்து. ஏறாததற்கு மட்டுமே உரியவர் உண்டு என்னும் பிரிவினை இதனால் உருவாகின்றது.

சித்த மருத்துவ நூல்களுள் அகத்தியர் பெயரால் வழங்குவன எத்தனை என்பதை எண்ணிச் சொல்வதே கடினம். அகத்தியரின் உறைவிடமாக நம் மரபு போற்றுவது பொதிகை. அப்பொதிகையில் இன்றும் வாழ்ந்து, அதன் பச்சிலைகளைப் பெயர் சொல்லி அழைப்பவர்கள் காணிகள். அகத்தியர் பெயரிலான ஏட்டின் அறிவு ‘வகுக்கப்பட்டது’. அகத்தியர் மலையின் மாந்தரது அறிவு ‘வகுக்கப்படாதது’. ஏடெழுதியோர் மலைக்குச் சென்று மூலிகை தேடியபோது அவர்களுக்கு வழிகாட்டியவர் யார் என்று நம் பதிப்பாசிரியர்கள் கேட்டதில்லை. 1987-இல் நிகழ்ந்தது போன்றதொரு காட்சி, பெயரற்ற ஏதோ ஒரு நூற்றாண்டிலும் நிகழ்ந்திருக்கக் கூடும். ஏடு அதனைப் பதிவு செய்யவில்லை, அவ்வளவே. சித்த மருத்துவத்தின் தொன்மையைப் பெருமையோடு பேசும் நாம் இதனையும் எண்ணிப்பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

மலேசியச் சூழல்

அகத்தியர் மலையிலிருந்து மலாயாத் தீபகற்பத்திற்கு வருவது இக்கட்டுரையில் நாம் வலிந்து செய்யும் தாவல் அன்று. டிரைக்கோபஸ் செய்லானிக்கஸ் இலங்கையிலும் தீபகற்ப மலேசியக் காடுகளிலும்கூட வளர்கின்றது. இங்குள்ளது வேறு துணையினம். ஆகவே ஒரே செடியைச் சுற்றி இங்கு என்ன சட்டம், என்ன பழக்கம் என்று கேட்பது பொருத்தமே.

மலேசியாவில் உயிரியல் வளங்களை அணுகுதலும் பயன் பகிர்தலும் பற்றிய சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. தொல்குடி மக்களின் மரபறிவைப் பெறுவதற்கு அவர்தம் முன்னொப்புதல் வேண்டும் என்பது அதன் அடிப்படைகளுள் ஒன்று. 2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின்கீழோ மலாய், சீன, இந்திய மருத்துவங்கள் உள்ளிட்ட ஏழு துறைகள் ஏற்கப்பட்டுள்ளன. ஓராங் அஸ்லி மக்களின் மருத்துவம் அவ்வேழனுள் தனித் துறையாக இல்லை. ஒரு சட்டத்தில் அவர்கள் ‘வளம் உடையோர்’. மற்றொன்றில் ‘மருத்துவர்’ என்னும் பெயர் அவர்களுக்கென்று தனியே இல்லை. காணிகளின் கதையில் நாம் கண்ட வினைச்சொல் சிக்கலே இங்குச் சட்டத்தின் மொழியில் மீண்டும் தலைகாட்டுகின்றது.

மாறான போக்கும் உண்டு. சரவாக் பல்லுயிர் மையம் 2001 முதல் நடத்திவரும் மரபறிவு ஆவணத் திட்டத்தில், சமூகத்தினரே தங்கள் தாவர அறிவைத் தாங்களே பதிவு செய்யப் பயிற்சி பெறுகின்றனர். லிட்சியா குபேபா என்னும் மரத்திலிருந்து நறுமண எண்ணெய் எடுத்து ‘லிட்சாரா’ என்னும் பெயரில் விற்பதற்கு அத்திட்டம் வழிவகுத்தது. அம்மரம் பற்றிய அறிவை அளித்தோரே எண்ணெய் வடிப்போராகவும் உள்ளனர் என்பது கவனிக்கத்தக்கது. இதனை முழுமையான தீர்வு என்று கூற நாம் முற்படவில்லை. எழுதுகோல் யார் கையில் உள்ளது என்பதில் ஒரு மாற்றம் நேர்ந்துள்ளது என்ற அளவில் இதனை வரவேற்கலாம்.

நம் களப்பணி

பிறரைக் குறைகூறும் முன் நம் துறையின் பழக்கத்தையும் பார்த்தாக வேண்டும். தமிழ்நாட்டிலும் இங்கும் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் ‘தகவலாளிகள் பட்டியல்’ என்று ஒன்று இருக்கும். பெயர், வயது, தொழில், ஊர் என்னும் கட்டங்கள் நிரப்பப்பட்டிருக்கும். பாட்டைக் கட்டிய கிழவியும் தகவலாளி. பச்சிலை அறிந்த முதியவரும் தகவலாளி. தகவல் தருபவருக்கு அதன் பொருள் தெரியும் என்னும் எண்ணமே அச்சொல்லில் இல்லை. பொருள் கூறுவது ஆய்வாளரின் வேலை என்று சொல்லிலேயே பிரித்து வைத்துவிட்டோம். தொல்காப்பியர் தமக்கு முன்னோர் கூறியதைச் சொல்லும்போது ‘என்ப’, ‘என்மனார்’ என்று வினைமுற்றால் அவர்களை அறிந்து கூறியோராக நிறுத்துவதை நம் மாணவர்க்குப் பாடமாக நடத்துகின்றோம். அதே மாணவரிடம் களப்பணிக்குச் செல்லும்போது தகவலாளிப் படிவத்தைக் கொடுத்தனுப்புகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன், தோட்டப்புறக் கை வைத்தியம் பற்றிய ஒப்படைப்புக்காக மாணவி ஒருவர் பேராக் மாநிலத்தில் பழைய தோட்டம் ஒன்றில் வாழ்ந்த மூதாட்டியைக் காணச் சென்றார். மஞ்சள் காமாலைக்கு மருந்து கொடுப்பவர் என்று அக்கம்பக்கத்தில் பெயர் பெற்றவர் அவர். மாணவி குறிப்பேட்டைத் திறந்ததும் அவர் சொன்னாராம்: “எழுதிக்கிட்டுப் போறதுக்கு இது என்ன கடைச் சாமான் பட்டியலாம்மா? விடியக்காலையில வா, பறிக்கும்போது காட்டுறேன்.” மாணவிக்கு அன்று மாலையே பேருந்து. ஒப்படைப்பில் அவர் ‘தகவலாளி தகவல் தர மறுத்தார்’ என்று எழுதியிருந்தார். தரவு போதவில்லை என்று குறிப்பெழுதி மதிப்பெண்ணைக் குறைத்தோம். அகத்தியர் மலைக் கதையில் அறிவியலாளர் கேட்ட ‘இரகசிய’த்தைத்தான் நாமும் கேட்டிருக்கின்றோம் என்பது, காணிகள் பற்றிய கட்டுரைகளை இம்முறை ஒருங்கே வாசித்தபோதுதான் நமக்கு உறைத்தது.

அம்மாணவி பின்னர் விடுமுறையில் தாமாகவே மீண்டும் சென்றார். முதல் நாள் இரவு அங்கேயே தங்கி, விடியலில் அம்மூதாட்டியோடு தண்டவாளத்தை ஒட்டிய வாய்க்கால் ஓரம் நடந்தார். பறித்த செடி கீழாநெல்லி. எந்த மூலிகை நூலைப் புரட்டினாலும் காணக்கூடிய செடிதான், இரகசியம் ஒன்றுமில்லை. ஆனால் அவ்வாய்க்கால் கரையில் கீழாநெல்லி போலவே தோன்றும் மற்றொன்றும் கலந்து வளர்ந்திருந்தது. தண்டு சிவந்திருந்தால் “இது வேற” என்று மூதாட்டி அதனை ஒதுக்கிக்கொண்டே வந்தார். பூச்சிமருந்து அடித்த பக்கம் எதுவென்று மோந்து பார்த்து அப்பக்கம் போகவில்லை. யாருக்கு மூன்று நாள் கொடுப்பது, எந்த நிறத்தில் சிறுநீர் போனால் மருந்து கொடுக்காமல் மருத்துவமனைக்கு அனுப்புவது, கர்ப்பிணிகளுக்கு ஏன் கொடுப்பதில்லை என்பவற்றை நடந்தவாறே சொன்னார். யாரிடம் கற்றார் என்பதையும் சொன்னார். பக்கத்துக் கம்பத்திலிருந்து வந்துபோன ஓராங் அஸ்லிப் பெண் ஒருத்தி சிவந்த தண்டைப் பிரித்தறியக் காட்டினாளாம்.

மாணவி திருத்தி அளித்த ஒப்படைப்பு இப்போது நம்மிடம் உள்ளது. செடியின் பெயர், பயன்படும் பாகம், நோய், தகவலாளியின் பெயர் என்னும் நான்கு கட்டங்களும் ஒரே வரியில் நிரம்பிவிட்டன. மற்றவற்றை எழுதப் படிவத்தில் இடமில்லாமையால், அத்தாளின் பின்பக்கத்தில் நெருக்கி நெருக்கி எழுதியுள்ளார்.